காப்பெட் வீதியும் கொந்தராத்துக் காசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி மழை ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் தவறாமல் அடிபடுவது வீதிக் கதை. "போன வருஷம்தான் காப்பெட் போட்டவங்கள், அதுக்குள்ள கல்லுக் கிளம்பிட்டுது" என்று ஒருவர் தொடங்குவார். "அவன் முழுக் காசையும் எடுத்துக்கொண்டு போயிட்டான்" என்று மற்றவர் முடிப்பார். முதலாவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் உண்மை. வீதி திறமாக அமைந்தாலும் சுமாராக அமைந்தாலும் கொந்தராத்துக்காரருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே தொகைதான்.

அந்தத் தொகையைத் தரத்தோடு சேர்த்துக் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டலாம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் செய்கின்றன. அது எப்படி நடக்கிறது, இங்கே கொண்டுவந்தால் எங்கே இடிக்கும் என்பதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

இப்போது காசு எந்தக் கணக்கில் கொடுக்கப்படுகிறது?

அளவுக் கணக்கில். ரெண்டரோடு வரும் பி.ஓ.கியூ என்ற வேலை அளவுப் பட்டியலில் மண் வெட்டுவது, கிரவல் நிரப்புவது, ஏ.பி.சி எனப்படும் சல்லி அடித்தளம் போடுவது, அதன் மேல் காப்பெட்டாகத் தார்க் கலவை விரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கும். எவ்வளவு வேலை நடந்தது என்று அளந்து பில் போடுவார்கள். பொறியியலாளர் உறுதிப்படுத்தினால் காசு.

ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். பொதுவாகப் பில்லில் 10 சதவீதம். அப்படிச் சேர்வது ஒப்பந்தத் தொகையின் 5 சதவீதத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுவார்கள். வேலை முடிந்ததும் அதில் பாதி திரும்பிப் போகும். குறை திருத்தும் காலம் முடிய மீதியும் போகும். அந்தக் காலம் வழக்கமாக ஒரு வருடம். நன்றாகப் போட்ட காப்பெட் பத்து வருடமாவது நிற்க வேண்டும். ஒரு வருடக் காவல் அதற்கு எந்த மூலைக்குக் காணும்?

பரிசோதனைகள் செய்கிறார்கள்தானே? அதில் தவறினால் காசு இல்லையே?

ஏட்டில் அப்படித்தான். வீதி, பாலம் கட்டுவதற்கான நியம விவரக்குறிப்பு நூல் ஒன்று நாட்டில் இருக்கிறது. அப்போது இக்டாட் என்று அழைக்கப்பட்ட நிறுவனம் 2009இல் அதன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அதே நிறுவனம் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையாக மாறியது. தார் எவ்வளவு, சல்லி எந்த அளவில், இறுக்கம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த நூலில் இருக்கிறது. நூலில் பெரிய குறை இல்லை.

சிக்கல் தீர்ப்பில் இருக்கிறது. அங்கே இரண்டே தீர்ப்பு: ஏற்றுக்கொள் அல்லது கிண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போடு. ஆய்வுகூடத்தில் இறுக்கிய மாதிரியின் அடர்த்தியில் 98 சதவீதம் கேட்ட இடத்தில் வீதியில் 97 வந்தால் ஒரு கிலோமீற்றர் காப்பெட்டைக் கிண்டி எறியச் சொல்ல எந்தப் பொறியியலாளருக்கும் மனம் வராது. மேலிடமும் விடாது, திறப்பு விழாவுக்குத் திகதி குறித்தாயிற்று. ஆகவே இரண்டு வழிகளில் ஒன்று நடக்கும். "பரவாயில்லை" என்று ஏற்றுக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பரிசோதனைத் தாளில் இலக்கம் மெதுவாக 98 ஆகிவிடும். தண்டனை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் அதை யாரும் கொடுப்பதில்லை. காசைத் தரத்தோடு சேர்த்துக் கட்டும் யோசனை முளைத்த இடமே இதுதான். சின்னக் குறைக்குச் சின்னக் கழிவு வைத்தால் கையெழுத்து வைப்பவருக்குக் கை நடுங்காது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், பரிசோதனைக்காகவே வீதிகளைக் கட்டி அவற்றின் மேல் லொறிகளை இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தார்கள். பாரம் இரட்டிப்பானால் வீதிக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்ற புகழ்பெற்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். அதே பரிசோதனை இன்னொன்றையும் காட்டியது. இமைகொட்டாமல் மேற்பார்வை செய்து கட்டிய வீதியிலேயே இடத்துக்கு இடம் தடிப்பும் இறுக்கமும் கணிசமாக மாறியிருந்தன. ஒரு இடத்தில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்துவிட்டு வீதி முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பொய் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அதன்பிறகு நியூ ஜேர்சி போன்ற மாநிலங்கள் புள்ளிவிவரக் கணக்கைக் கொண்டு கூலியைக் கூட்டிக் குறைக்கத் தொடங்கின. 1990களில் அங்கே அது பரவலான வழக்கமாகிவிட்டது.

கணக்கை ஒருக்கால் செய்து காட்ட முடியுமா?

காட்டலாம். எண்கள் நான் வைத்தவை, முறை உண்மையானது.

ஒரு கோடி ரூபாவுக்குக் காப்பெட் போடும் வேலை. போட்ட வீதியில் ஐந்து இடத்தில் கோர் எடுக்கிறோம். அதாவது இயந்திரத்தால் உருளையாக வெட்டி எடுத்து, ஆய்வுகூடத்தில் அடர்த்தி பார்க்கிறோம். காற்றே இல்லாமல் கலவை எவ்வளவு அடர்த்தியாக இருக்க முடியுமோ அதை 100 என்று எடுத்தால், போட்ட காப்பெட் 92க்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்காவில் பல இடங்களில் உள்ள கீழெல்லை. மற்ற 8 பங்கு காற்று.

முதல் கொந்தராத்துக்காரரின் ஐந்து கோர்: 93, 94, 95, 94, 94. இரண்டாமவருடையது: 91, 96, 94, 97, 92.

இருவருக்கும் சராசரி 94. சராசரியை மட்டும் பார்த்தால் இருவரும் சரிசமம், முழுக் காசு. ஆனால் இரண்டாமவர் வீதியில் ஒரு இடம் நன்றாக இறுகியிருக்கிறது, அடுத்த இடம் பொருபொருவென்று கிடக்கிறது. வீதி உடைவது பொருபொருத்த இடத்தில்தான். பக்கத்தில் இறுகிய இடம் அதைக் காப்பாற்றாது.

அதனால் கணக்கில் சிதறலையும் சேர்க்கிறார்கள். சராசரி கீழெல்லைக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை, சிதறலை அளக்கும் நியம விலகலால் வகுத்து, அட்டவணையில் பார்த்தால், வீதியில் எத்தனை சதவீதம் எல்லைக்குள் இருக்கும் என்ற மதிப்பீடு கிடைக்கும். முதலாமவருக்கு விலகல் 0.7 அளவில், எல்லைக்குள் இருப்பது 100 சதவீதம். இரண்டாமவருக்கு விலகல் 2.5ஐத் தாண்டுகிறது, எல்லைக்குள் இருப்பது சுமார் 77.

இனிக் காசு. பரவலாகப் பயன்படும் வாய்பாடு இது: 55ஓடு அந்தச் சதவீதத்தின் பாதியைக் கூட்டு. முதலாமவருக்கு 55 + 50 = 105. இரண்டாமவருக்கு 55 + 38.5 = 93.5. ஒரு கோடி வேலைக்கு ஒருவருக்கு ஒரு கோடியே 5 இலட்சம், மற்றவருக்கு 93 இலட்சத்து 50 ஆயிரம். வித்தியாசம் 11 இலட்சத்து 50 ஆயிரம். றோலர் ஓட்டுகிறவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து, கலவையைச் சூட்டோடு கொண்டுவந்து சேர்க்க இந்த வித்தியாசம் ஒரு நல்ல காரணம்.

எல்லைக்குள் 90 சதவீதம் இருந்தால் சரியாக 100 வரும் என்பதைக் கவனியுங்கள். பத்தில் ஒரு பங்கு பிசகுவதை இந்த வாய்பாடு மன்னிக்கிறது. நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு அது நியாயமாகப் படும்.

செய்ய வேண்டிய வேலையைச் செய்ததற்கு ஏன் 5 சதவீதம் கூடக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. இதற்கு இரண்டு பதில் உண்டு.

ஒன்று, ஐந்து மாதிரி வைத்துச் செய்யும் கணக்கில் அதிர்ஷ்டம் கலந்திருக்கும். நல்ல வேலைக்கும் சில வேளை 95 வரும். கூட்டவே மாட்டோம், குறைக்க மட்டும் செய்வோம் என்றால், திறமாகச் செய்கிறவரும் நீண்டகாலத்தில் நட்டப்படுவார். மேலும் கீழும் போக இடம் இருந்தால்தான் அவருக்குச் சராசரியாக நூறு கிடைக்கும்.

மற்றது, தண்டம் மட்டும் இருந்தால் கொந்தராத்துக்காரர் அந்த ஆபத்தை ரெண்டர் விலையிலேயே ஏற்றி வைத்துவிடுவார். நாங்கள் எப்படியும் கட்டப் போகிறோம். கட்டுவதை நல்ல வேலைக்குக் கட்டுவது மேல்.

எவற்றை அளக்க வேண்டும்?

கொந்தராத்துக்காரரின் கையில் உள்ளதையும், வீதியின் ஆயுளைத் தீர்மானிப்பதையும். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். வீதியின் வடிவமைப்புப் பிழை, வாய்க்கால் இல்லாத குறை, அனுமதித்ததற்கு மேல் பாரம் ஏற்றும் ரிப்பர் லொறிகள் ஆகியவற்றுக்கு அவர் காசில் கை வைக்கக் கூடாது.

முதலாவது இறுக்கம். எனக்குக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான். காற்று இடைவெளி 7 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் காப்பெட்டின் ஆயுளில் சுமார் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று 1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. இன்றைக்கும் பொறியியலாளர்கள் கைவிதியாக வைத்திருப்பது அதைத்தான். இடைவெளி கூடினால் தண்ணீரும் காற்றும் உள்ளே போகும். தார் காய்ந்து முறுகி, சல்லி ஒவ்வொன்றாகக் கழரும். யாழ்ப்பாணத்தில் "கல்லுக் கிளம்பிட்டுது" என்பது பெரும்பாலும் இந்த வருத்தம்தான்.

இறுக்கத்துக்கு எதிரி ஆறிப்போன கலவை. ஆலையிலிருந்து 150 பாகை செல்சியஸ் அளவில் புறப்படும் கலவை வீதிக்கு வரும்வரை ஆறிக்கொண்டே வரும். 80 பாகையளவுக்கு இறங்கிய பிறகு றோலரை எத்தனை தரம் ஓட்டினாலும் அது இறுகாது. சல்லி நொறுங்குவதுதான் மிச்சம். ஆலை தூரத்தில் இருந்து, லொறியில் படங்கு போர்த்தாமல் வந்து, கலவை விரிக்கும் பேவர் இயந்திரத்தின் முன்னால் வரிசையில் காத்து நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது தடிப்பு. இதுதான் திருடுவதற்கு லேசானது. ஒரு கிலோமீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 300 கன மீற்றர் கலவை. 45 மில்லிமீற்றர் போட்டால் 270. அந்த 5 மில்லிமீற்றரைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 30 கன மீற்றர் என்பது 70 தொன் அளவு, 10 தொன் ரிப்பரில் ஏழு லோட். அடர்த்திக்கு எடுத்த அதே கோரில் அடிமட்டத்தை வைத்தே தடிப்பைப் பார்த்துவிடலாம். தனிச் செலவில்லை.

மூன்றாவது வழுவழுப்பு, அதாவது ஓட்டத்தில் தூக்கிப்போடாமல் இருப்பது. இதற்கு உலக வங்கி 1982இல் பிரேசிலில் நடத்திய பரிசோதனையிலிருந்து பிறந்த சர்வதேசக் கரடுமுரடுச் சுட்டெண் இருக்கிறது. ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை மீற்றர் ஏறி இறங்குகிறது என்பது அதன் அலகு. ஏ9, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி போன்றவற்றுக்கு இது பொருந்தும். ஊருக்குள் வேகத்தடை, மதகு, சந்தி என்று அடிக்கடி வரும் இடத்தில் 3 மீற்றர் நேர்க்கோலை வைத்துப் பார்ப்பது போதும்.

தாரின் அளவு, சல்லியின் தரப்படுத்தல் இரண்டையும் ஆலையிலேயே பார்க்கலாம். இவையும் முக்கியம்தான், ஆனால் ஏழெட்டு விஷயத்தைக் காசோடு கட்டினால் கணக்குக் குழம்பி, யாருக்கும் எதற்காகக் கழிந்தது என்று தெரியாமல் போகும். மூன்று போதும்.

யாழ்ப்பாணத்துக்கென்று தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. அது மென்மையான கல். மேல் தட்டில் போட்டால் சில்லுப் பட்டுப் பட்டு வழுக்கையாகிவிடும். ஆகவே காப்பெட்டுக்குக் கருங்கல் சல்லி வேண்டும், அது வன்னிப் பக்கமிருந்து ஆனையிறவைத் தாண்டி வரவேண்டும். வண்டிக் கூலி ஏறுவதால், சல்லியில் மிச்சம் பிடிக்கும் ஆசையும் இங்கே கூட. இதில் ஒரு வேடிக்கை: தாரோடு நன்றாக ஒட்டுவது சுண்ணாம்புக்கல்தான். கருங்கல் உறுதியானது, ஆனால் ஈரம் பட்டால் தாரைக் கைவிட்டுவிடும் குணம் அதற்கு உண்டு. அதைச் சமாளிக்கக் கலவையில் ஒன்றிரண்டு சதவீதம் நீறிய சுண்ணாம்பு சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சுண்ணாம்புச் சூளைகளின் ஊரில் இதைச் செய்வது பெரிய காரியமாக இருக்கக் கூடாது.

அடுத்தது மழை. வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டிவிடும். அதேநேரம் டிசம்பர் 31இல் நிதியாண்டு முடிகிறது. ஒதுக்கிய காசு திரும்பிப் போகாமல் இருக்க, மிகக் கூடாத மாதங்களில் வேலையை அவசரப்படுத்துவார்கள். ஈரமான ஏ.பி.சி மேல் காப்பெட் விரித்தால் அது கொந்தராத்துக்காரர் குற்றமா, கந்தோர் குற்றமா? காசைத் தரத்தோடு கட்டினால் இந்தக் கேள்விக்கு முதலே பதில் எழுதி வைக்க வேண்டியிருக்கும். மழைக் காலத்தில் வேலையை நிறுத்தும் உரிமையும், அதற்கு ஈடான நாட்களும் அவருக்கு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

வீதியைக் கிண்டுவதும் உண்டு. குடிநீர்க் குழாய், கேபிள் என்று போட்ட காப்பெட்டை வெட்டி, மண்ணைச் சரியாக இறுக்காமல் மூடிவிட்டுப் போனால், அந்த வரி வழியே வீதி இறங்கும். அதைக் காப்பெட் போட்டவர் தலையில் கட்ட முடியாது. வெட்டியவரிடம் வைப்புப் பணம் வாங்கி, அதே இறுக்கப் பரிசோதனையை அந்த ஒட்டுக்கும் செய்ய வேண்டும். பண்ணைத் தாம்போதி போல இரண்டு பக்கமும் கடல் தண்ணீர் நிற்கும் வீதிகளுக்கு அடித்தளத்தின் கதை வேறு. அங்கே வடிவமைப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கோர் எங்கே எடுப்பது என்று யார் தீர்மானிப்பது?

இந்த முறையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வாய்பாட்டை யாரும் படித்துக்கொள்ளலாம். கோர் எடுக்கும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அந்த வாய்பாடு வெறும் அலங்காரம்.

"இந்த இடத்தில வெட்டுங்கோ சேர்" என்று மேஸ்திரி கைகாட்டும் இடம் நன்றாக உருட்டிய இடமாகத்தான் இருக்கும். பொறியியலாளர் தானாகவே பார்த்து மோசமாகத் தெரியும் இடத்தில் வெட்டச் சொன்னாலும் கணக்குப் பிழைத்துவிடும்; அது கொந்தராத்துக்காரருக்கு அநியாயம். கணக்கு சரியாக வர இடம் குருட்டாம்போக்கில் விழ வேண்டும்.

அதற்கு வழி லேசு. ஒரு கிலோமீற்றரை 200 மீற்றர்த் துண்டுகளாக ஐந்தாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கோர். அது எத்தனையாவது மீற்றரில், ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே என்பதற்கு இரண்டு இலக்கங்களை எழுந்தமானமாக எடுக்கிறோம். எண் அட்டவணை, கைத்தொலைபேசி, சீட்டுக் குலுக்கல், எதுவானாலும் சரி. நிபந்தனை ஒன்றுதான்: காப்பெட் போட்டு முடிந்த பிறகு, இரண்டு தரப்பும் நிற்க, இலக்கம் எடுக்க வேண்டும். 137ஆவது மீற்றர், ஓரத்திலிருந்து 1.8 மீற்றர் என்று வந்தால் அங்கேதான் வெட்டு. அந்த இடத்தில் ஒரு வீட்டுப் படலை இருந்தாலும் அங்கேதான்.

பிறகு வெட்டிய உருளையில் இலக்கம் எழுதி, படம் எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்து, மூடி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். வழியில் உருளை மாறுவது பழைய வித்தை. ஓட்டையைத் தார்க்கலவையால் நன்றாக இறுக்கி மூடுவதும் இதில் அடக்கம். பரிசோதனை செய்த இடத்திலிருந்தே பள்ளம் தொடங்கினால் ஊர் சிரிக்கும்.

பரிசோதனையை யார் செய்வது?

கொந்தராத்துக்காரர் தன் வேலையைத் தான் தினமும் சோதித்துக்கொள்ளட்டும், அது அவருக்கு நல்லது. காசைத் தீர்மானிக்கும் பரிசோதனை அவர் சம்பளம் கொடுக்கும் ஆய்வுகூடத்தில் நடக்கக் கூடாது. வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு இரத்மலானையில் ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒவ்வொரு உருளையையும் அங்கே அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அப்படியான ஒரு மூன்றாம் தரப்பிடம், பத்தில் ஒரு மாதிரியையாவது மறுபரிசோதனைக்குக் கொடுக்கலாம். மறுபரிசோதனை உண்டு என்று தெரிந்தாலே முதல் பரிசோதனை ஒழுங்காக நடக்கும்.

காசைக் கழித்துவிட்டு மோசமான வீதியை ஏற்றுக்கொள்வது சரியா?

ஓரளவு வரைக்கும்தான் சரி. அதற்குக் கீழே ஒரு கோடு இருக்க வேண்டும். எல்லைக்குள் இருப்பது 50, 60 சதவீதத்தை ஒட்டி இறங்கினால் பேச்சில்லை, கிண்டி எடுத்துத் திரும்பப் போடுவதுதான். பெரிய தண்டனை அரிதாக வருவதால் அதைக் கொடுக்கவும் துணிவு வரும்.

கழிக்கும் தொகைக்கும் ஒரு நியாயம் வேண்டும். பத்து வருடம் நிற்க வேண்டிய காப்பெட் ஏழு வருடத்தில் போகும் என்றால், மூன்று வருடம் முந்தியே திரும்பப் போடும் செலவு மக்களுக்கு வருகிறது. கழிவு அந்தச் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும். அதிகாரியின் கோபத்துக்கு ஈடாக இருக்கக் கூடாது.

பிரதேச சபை போடும் சின்ன ஒழுங்கைகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம். மற்றவை பிரதேச சபை, நகர சபை, மாநகர சபையிடம். 150 மீற்றர் ஒழுங்கைக்கு ஐந்து கோர், நியம விலகல் என்று போனால் பரிசோதனைச் செலவு வேலையைத் தின்றுவிடும். அங்கே தடிப்பைப் பார்த்து, குறைந்த அளவுக்கு நேர் விகிதத்தில் கழித்தால் போதும். கொங்கிறீற் ஒழுங்கையானால் கலவையைச் சின்னக் கனசதுரக் கட்டியாக வார்த்து 28ஆம் நாள் பலம் பார்ப்பது. சில இடங்களில் கிராம அபிவிருத்திச் சங்கமே வேலையை எடுத்துச் செய்கிறது. அவர்களிடம் புள்ளிவிவரம் பேசுவதில் அர்த்தமில்லை.

பல வருடம் பராமரிக்கும் பொறுப்பைக் கொந்தராத்துக்காரரிடமே கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே?

அதுவும் நல்ல வழிதான், இங்கே புதியதும் அல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வந்த ஐ-றோட் என்ற வீதிப் புனரமைப்புத் திட்டத்தில், வீதியைப் புனரமைத்தவரே பிறகு சில வருடம் பராமரிக்க வேண்டும். அதன் இரண்டாம் கட்டத்தில் வட மாகாணமும் சேர்ந்தது. இந்தியாவில் கிராமப்புற வீதிகளுக்கான பிரதமர் திட்டத்தில் ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே அடங்கும். பள்ளம் விழுந்தால் தன் செலவில் நிரப்ப வேண்டும் என்று தெரிந்தவர் முதலிலேயே நன்றாகப் போடுவார் என்பது எண்ணம்.

ஆனால் மூன்று வருடம் பராமரிக்க வேண்டியவர் மூன்று வருடம் நிற்கும் வீதியைப் போட்டாலும் போதும். இறுக்கக் குறை பல வேளைகளில் நாலாம் ஐந்தாம் வருடத்தில்தான் முகம் காட்டும். அதோடு, சின்ன நிறுவனங்கள் இடையில் மூடிவிட்டுப் போனால் உத்தரவாதத்தை யாரிடம் கேட்பது? போடும்போது அளந்து காசைத் தீர்ப்பதும், பிறகு சில வருடம் பொறுப்பில் வைத்திருப்பதும் இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம்.

குறைந்த விலைக்கு ரெண்டர் கொடுக்கும்வரை தரம் எப்படி வரும்?

தகுதியுள்ளவர்களுக்குள் குறைந்த விலைக்குக் கொடுப்பதில் தவறில்லை. பொதுப் பணத்துக்கு வேறு நேர்மையான வழி கண்டுபிடிப்பதும் கடினம். இப்போதைய முறையில் 45 மில்லிமீற்றர் போட நினைப்பவர் 50 போட நினைப்பவரைவிடக் குறைத்துக் கேட்கலாம், இருவருக்கும் ஒரே காசு. தரத்துக்குக் கழிவு வரும் என்றால் அந்தக் குறைப்புக்கு இடம் சுருங்கும். நேர்மையானவர் ரெண்டரில் தோற்றுக்கொண்டே இருப்பது நின்றால் அதுவே பெரிய விஷயம்.

கொந்தராத்துக்காரர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா?

அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "முழுசாச் செய்த வேலைக்கே காசு எப்ப வரும்?" அதற்குப் பதில் சொல்லாமல் இந்த முறையைக் கொண்டுவருவது அநியாயம் என்றே நினைக்கிறேன். 2022 நெருக்கடியில் தார், டீசல் விலைகள் பறந்தன. முடித்த வேலைக்கான பில்கள் திறைசேரியில் தேங்கின. பல வேலைகள் பாதியில் நின்றன. வட்டிக்கு எடுத்த காசில் சல்லி வாங்கியவர், பில் வர ஆறு மாதம் பிந்தினால், கழிவு எதுவும் இல்லாமலே 5 சதவீதத்துக்கு மேல் இழந்துவிடுவார். அந்த நிலையில் தரத்துக்கு 5 சதவீதம் கூட்டித் தருகிறோம் என்றால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். கழிவுக்குப் பயப்படவும் மாட்டார், ஏனென்றால் எப்படியும் பிந்தப் போகும் காசு அது.

பில் உறுதியான நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் பணம், பிந்தினால் வட்டி என்ற விதி ஒப்பந்தங்களில் எழுத்தில் இருப்பதுதான். அது நடைமுறைக்கு வர வேண்டும். வெளிநாட்டுக் கடன் திட்டங்களில் பணம் ஒப்பீட்டளவில் ஒழுங்காக வருவதால், தரத்தோடு கட்டும் முறையை முதலில் அந்தத் திட்டங்களில் தொடங்கலாம். முதல் வருடம் கணக்கை மட்டும் போட்டு, காசில் கை வைக்காமல் இரண்டு தரப்புக்கும் காட்டலாம். அதைப் பார்த்தே பலர் றோலரைத் திருத்திக்கொள்வார்கள்.

பார்த்த பார்வையில் காப்பெட்டின் தரம் சொல்ல முடியுமா?

ஓரளவு. மழை விட்டு வீதி காயும்போது சில திட்டுகள் மட்டும் நீண்ட நேரம் ஈரமாகக் கிடந்தால், அங்கே சல்லி பிரிந்து இடைவெளி கூடியிருக்கலாம். இரண்டு விரிப்புகள் சேரும் நடு வரியில் பிளவு தெரிந்தால் பொருத்து இறுகவில்லை. கருகருவென்று மினுங்குவதைத் தரம் என்று நம்ப வேண்டாம். தார் கூடிப்போனாலும் மினுங்கும், வெயிலுக்கு இளகும்.

எங்கள் வீதியைப் பற்றி நாங்கள் என்ன கேட்கலாம்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் வீதி யாருடையது என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். தருவதா மறுப்பதா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சனசமூக நிலையத்தின் பெயரில் கேட்டால் ஊரே பின்தொடரும் என்பது ஒரு வசதி.

"வீதி ஏன் பழுதானது?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். தாள்களைக் கேளுங்கள். ஒப்பந்தத்தின் பி.ஓ.கியூ, காப்பெட்டுக்குக் குறித்த தடிப்பு, எடுத்த ஒவ்வொரு கோரின் இடமும் தடிப்பும் அடர்த்தியும், கலவை வந்து இறங்கிய வெப்பநிலைப் பதிவு, குறை திருத்தும் காலம் முடியும் திகதி, பிடித்து வைத்த பணத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பவை. கோர் இருந்த இடங்களைக் கேட்பதை மறக்க வேண்டாம். எல்லாமே ஒரே இருநூறு மீற்றருக்குள் இருந்தால் அடுத்து என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரியும்.

மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. குறை திருத்தும் காலம் முடியுமுன் கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு பிடித்து வைத்த பணமும் திரும்பிப் போயிருக்கும்.